பச்சைப் பென்சிலும் ஒன்றரை ஏக்கர் ரோஜாவும்

ஒரு மார்கழி விடியல். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தச் சொன்னேனே தவிர, எங்கே நிற்கிறோம் என்று எனக்கும் தெரியாது, ஓட்டுநர் சென்னப்பாவுக்கும் தெரியாது. அவ்வளவு பனி. கண்ணாடியில் வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"மேடம், இதுக்கு மேல ஓட்டினா நேரா அணைக்குள்ளதான் நிப்போம்" என்றார் சென்னப்பா. வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் தெலுங்கு என்று மூன்று மொழியில் கோபப்படத் தெரிந்த மனிதர்.

இறங்கினேன். மணி ஏழு இருக்கும். சால்வையின் ஓரம் நனைந்து கன்னத்தில் ஜில்லென்று பட்டது. எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம். அதற்குப் பிறகுதான் வாசனை வந்தது. ரோஜா. தலையில் வைக்கும் ஒரு பூவின் வாசனை அல்ல, பூமியே பூத்துவிட்டதோ என்று நினைக்க வைக்கும் வாசனை.

பனி கொஞ்சம் விலகியது. வரிசை வரிசையாகச் செடிகள், இளஞ்சிவப்பாகப் பூக்கள். நடுவே தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி அசைத்தார். நானும் சிரித்துக்கொண்டே அசைத்தேன். அவர் இன்னும் வேகமாக அசைத்தார். நான் விடுவேனா? இரண்டு கையாலும் அசைத்தேன். மறுபடி பனி வந்து மூடிக்கொண்டது, அவரைக் காணோம்.

ஜீப்பின் பானெட் மேல் வரைபடத்தை விரித்தேன். இன்ஜின் சூட்டில் காகிதம் கதகதப்பாக இருந்தது. பச்சைப் பென்சிலை எடுத்து, அந்த இடத்திலிருந்து அணை வரைக்கும் அகலமாக ஒரு பட்டை தீட்டினேன். என் வேலைக் காலம் முழுவதிலும் அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த நிறத்தையும் தீட்டியதில்லை.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். ஆரம்பிக்கும்போதே கூச்சமாக இருக்கிறது.

கல்லறைக்குப் போட்ட மஞ்சள்

சென்ற வாரம் பேருந்து நிலையக் கதையைப் படித்துவிட்டு, சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். "நகரமைப்பாளர் என்றால் இன்ஜினியரா, கலெக்டர் ஆபீஸ் ஆளா, மனை விற்பவரா?" என் மாமியாருக்கும் கடைசி வரை இந்தச் சந்தேகம் தீரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் "மருமக ரோடு போடுறா" என்று சொல்லிவிடுவார்.

ஓர் ஊர் இனிமேல் எங்கெங்கே எப்படி வளரலாம் என்று முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் எங்கள் வேலை. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை. உங்கள் நிலத்துக்கு என்ன நிறமோ அதைத்தான் நீங்கள் அதில் செய்யலாம். மீறினால் அனுமதி கிடைக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓர் இடத்துக்கு மஞ்சள் தீட்டினேன். பழைய வரைபடத்தில் வெற்றிடமாக இருந்ததால் நல்ல மனை நிலம் என்று நினைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். "குடியிருப்போர் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை" என்று அலுவலகத்தில் ஆறு மாதம் கிண்டல் செய்தார்கள்.

அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது. இனிமேல் எந்த இடத்துக்கும் முதல் நிறத்தை அந்த மண்ணில் நின்றுதான் போடுவேன். கம்ப்யூட்டர் வந்து, செயற்கைக்கோள் படம் வந்து, இளம் பிள்ளைகள் ஒரே தட்டலில் ஊரையே வண்ணமாக்கிய காலத்திலும் நான் பென்சில் டப்பாவோடு ஜீப்பில் ஏறினேன். அதற்கு 'மேடத்தின் ஸ்கூல் பேக்' என்று பெயர். எனக்கு அதில் பெருமைதான். நேரில் பார்க்கிறவள் தவறு செய்ய மாட்டாள் என்று முழுதாக நம்பினேன்.

எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதும் ஒரு கேள்வி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளையிலிருந்து வரும் பஸ்கள்

ஓசூர் வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் வடமேற்கு ஓரம். மாநில எல்லைக் கோட்டோடு எங்கள் நிறங்கள் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம். நேரில் போனால் அந்த வெள்ளைக்குள் டீக்கடை இருக்கும், கோயில் இருக்கும், ஆள்கள் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு வாசல் தமிழ்நாட்டில், மாட்டுக் கொட்டகை கர்நாடகத்தில். "மாடு நம்ம ஊரு, பாலு மட்டும் அந்த ஸ்டேட்டு" என்று அந்த வீட்டுக்காரர் சிரித்தார்.

விடிகாலையில் அங்கே நின்றால் பனிக்குள்ளிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் மங்கலாக இரண்டு மஞ்சள் விளக்கு, பிறகு ஹார்ன், பிறகு ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண். திருவண்ணாமலை, விழுப்புரம், தேனி என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த பிள்ளைகள். பனி பட்ட கண்ணாடியில் ஒருத்தி தூக்கத்திலேயே கன்னத்தை வைத்திருந்த இடம் மட்டும் தெளிவாக இருக்கும். அந்தப் பஸ்களைப் பார்க்கும்போதெல்லாம், நான் வரைகிற ஊர் ஏதோ தூக்கத்துக்குள்ளிருந்து எழுந்து வருவதாக எனக்குத் தோன்றும்.

இவர்கள் தங்க அறை போதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓர் அறையில் எட்டுப் பேர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அறிக்கையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் அந்த மார்கழியில் என் கை பச்சைக்குத்தான் போனது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பாரூர்க்காரி. ஏரியும் வாய்க்காலும் நெல்லும் கரும்பும் சூழ்ந்த ஊர். ஆனால் அப்பா பள்ளி ஆசிரியர், எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் ஒரு நாள்கூடச் சேற்றில் கால் வைத்து வேலை செய்ததில்லை. வயல் எனக்கு ஜன்னலில் தெரிந்த படம்தான். பச்சை என்றாலே மனம் இளகிவிடும், அவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

"பனி இல்லாதப்ப வாங்க"

திட்ட வரைவு அச்சானபோது அந்தப் பச்சைப் பட்டைக்கு நல்ல பெயர் கிடைத்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே அணை வரைக்கும் ஒரு மூச்சுக்குழாய் என்று நானே எழுதியிருந்தேன். வெளியூரில் ஒரு கருத்தரங்கில் அந்தக் கைகாட்டிய மனிதரின் கதையைச் சொன்னேன். நகரத்தை வரவேற்ற விவசாயி என்றேன். அரங்கம் எழுந்து கைதட்டியது. அன்று ஓட்டல் அறையில் கண்ணாடி முன்னால் நின்று எனக்கு நானே சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

பிறகு ஆட்சேபணை கேட்கும் நாள் வந்தது. வரைவைப் பார்த்துவிட்டுப் பொதுமக்கள் தங்கள் குறையைச் சொல்லலாம், அதைக் கேட்டுத் திருத்த வேண்டியது எங்கள் கடமை. ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. மேடையில் மணமக்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தார். பெயர் முனிரத்னம்மா.

"எங்க நெலம் அணை ரோட்டுல ஒன்னர ஏக்ரா மேடம். அதுக்கு நீங்க பச்ச அடிச்சிட்டீங்களாம். வாடகைக்கு ரூம் கட்டலாம்னு பிளான் எடுத்துக்கினு போனா, ஆகாதுன்னு திருப்பிட்டாங்க."

"நல்லா விளையற நிலம்மா அது. ரோஜா அவ்வளவு அழகா இருக்கு. அதை ஏன் அழிக்கணும்?"

"உங்க வூட்டுக்கு இன்னா கலரு மேடம்?"

"மஞ்சள்" என்றேன்.

"உங்களுக்கு மஞ்சா, எங்களுக்கு இன்னாத்துக்குப் பச்ச?"

மண்டபம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், எப்போதும் அப்படித்தான். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு நிலத்தடி நீர், காற்று, நாளைய தலைமுறை என்று பொரிந்து தள்ளினேன். அந்த அம்மா நின்றபடியே முழுவதையும் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"நீங்க வந்தத எங்க வூட்டுக்காரர் பாத்தாரு. இன்னொரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. பனி இல்லாதப்ப வாங்க."

பதினொரு மணி வெயில்

அடுத்த வாரம் போனேன். அதே இடம்தான் என்று சென்னப்பா சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வெயிலில் செடிகள் குட்டையாக, தூசி படிந்து நின்றன. ரோஜா வாசனை இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு நெடி இருந்தது, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. மோட்டார் அறைச் சுவரோரம் காலிப் பூச்சிமருந்து டப்பாக்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

அந்தச் சுவர் நிழலில் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முனிரத்னம்மாவின் கணவர் கெம்பண்ணா. ஒரு வாக்கியம் பேசி, மூச்சு வாங்கி, அடுத்த வாக்கியம் பேசினார்.

"அன்னிக்கு அப்பத்தான் மருந்தடிச்சி முடிச்சேன். காத்து உங்க பக்கம் அடிக்குது. கிட்ட வராதீங்க, போங்க போங்கன்னு கைய ஆட்டறேன். நீங்களும் ஆட்டிக்கினு நிக்கிறீங்க. சிரிக்கிறீங்க வேற."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கு தல கில சுத்தலியே மேடம்?"

நான் ஓர் அரங்கத்தையே எழுந்து கைதட்ட வைத்த கதை அது. அந்த மனிதர் என்னை விரட்டியிருக்கிறார், அதுவும் என் நல்லதுக்கு. எனக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று இத்தனை நாள் கவலைப்பட்டும் இருக்கிறார். வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

முனிரத்னம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விவரம் சொன்னார். மருந்துப் பக்கமே இவர் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரோஜாவுக்கு வாரம் தவறாமல் மருந்து அடித்தாக வேண்டும்.

"வேற பயிர் வைக்கலாமே?" என்றேன்.

"பீன்ஸ் போட்டோம், தக்காளி போட்டோம். அதுக்கும் மருந்துதான். ராகி போட்டா ஆளு வேணும். ஆளுங்க எல்லாம் கம்பெனிக்குப் போயிடுது. நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்? நான் அடிக்கிறேன்னா இவரு மருந்து பம்ப குடுக்க மாட்டேங்கறாரு. பத்து ரூம் கட்டிட்டா கம்பெனிப் பிள்ளைங்க வந்து இருக்கும். இவரு சும்மா உக்காந்துக்கினு மூச்சு விடலாம். அவ்வளவுதான் மேடம் நாங்க கேக்கறது."

கெம்பண்ணா கட்டிலிலிருந்து, "மேடத்துக்குப் பூ பறிச்சிக் குடு" என்றார். "வாணாம், அதுல மருந்திருக்கும்" என்றார் முனிரத்னம்மா.

மேசை இழுப்பறையில்

அலுவலகம் திரும்பியதும் என் உதவி அதிகாரி பாஸ்கரன் அந்த நிலத்தின் மட்டத்தைப் பார்த்தார். மேட்டு நிலம், ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது, சாலையும் இருக்கிறது. மஞ்சளுக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

"கொடுக்கலாம் மேடம். ஆனா இது பட்டைக்கு நடுவுல வருது. இதை விட்டா ரெண்டு துண்டா போயிடும். அப்புறம் பக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் வருவாங்க."

"யோசிக்கலாம்" என்றேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. பதில் எனக்குத் தெரியும். அந்தப் பட்டை அறுபடுவதை என்னால் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் நடுவே அது ஓடுகிற அழகைத் தினமும் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். சில நாள் கனவில்கூட வரும். கனவில் அங்கே எப்போதும் பனி, எப்போதும் ரோஜா, யாரும் இருமுவதில்லை.

கோப்பில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

முனிரத்னம்மா மூன்று முறை வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்பார். "பார்த்துக்கிட்டிருக்கோம்மா" என்பேன். மூன்றாம் முறை வந்தபோது, போகிற போக்கில், "இவரு மறுபடியும் பம்ப மாட்டிக்கினு போறாரு" என்றார். அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு டீ சொன்னேன். என் வாழ்க்கையில் எந்தச் செயலையாவது திரும்பப் பெறலாம் என்று வரம் கிடைத்தால், அந்த டீயைத்தான் திரும்பப் பெறுவேன்.

ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் வந்தது. முனிரத்னம்மா வருவது நின்றுபோனது. நின்றதை நான் கவனிக்கவும் இல்லை. ஒரு நாள் மதியம் அணை ரோட்டில் டீ குடித்துவிட்டு வந்த சென்னப்பா, ஜீப்பின் கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார்.

"மேடம், ரோஜாத் தோட்டத்துக் கெம்பண்ணா போயிட்டாராம். இருவது நாளாச்சாம்."

மருந்தால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. எனக்கு எழுதித் தர வேண்டிய அவசியமும் இல்லை.

காரணம் எழுதும் இடம்

மறுநாள் பாஸ்கரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். உச்சி வெயிலில்தான் நடந்தேன். தண்ணீர் தேங்கும் பள்ளம் எது, மேடு எது, யார் உழுகிறார்கள், யார் விட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொரு வேலியிலும் நின்று கேட்டேன். முதல் தடவை செய்திருக்க வேண்டிய வேலை. ஆற்றை ஒட்டிய பள்ளம் மட்டும் பச்சையாகவே நின்றது, மேட்டு நிலங்கள் மஞ்சளாயின. பள்ளத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நிறத்தை மாற்றினால் கோப்பில் காரணம் எழுத வேண்டும். வழக்கமாக 'பொதுநலன் கருதி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். நான் இப்படி எழுதினேன்: 'முதலில் இடப்பட்ட நிறம் போதிய விசாரணையின்றி இடப்பட்டது. பிழை என்னுடையது.'

பாஸ்கரன் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "இந்தக் கடைசி வரி வேண்டாம் மேடம். இதைக் காட்டியே எல்லாரும் வருவாங்க. மேல கேள்வி கேப்பாங்க."

கேட்டார்கள். விளக்கம் கேட்டு ஓலை வந்தது, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் நகர்ந்து வேறொருவர் பெயர் ஏறியது. ஓய்வு பெறும் வரை அதே நாற்காலிதான். அதில் எனக்குப் புகார் இல்லை.

ஆணையின் நகலை வாங்க முனிரத்னம்மா வந்தார். இந்த முறை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை, என் அறைக்குள் அழைத்து எதிரே உட்கார வைத்தேன். காகிதத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"நான் தெலுங்குப் பள்ளிக்கோடத்துல படிச்சவ. நீங்களே படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். சர்வே எண், ஒன்றரை ஏக்கர், கெம்பண்ணாவின் பெயர், விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றம். பிறகு காரணம். கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு முழுதாகப் படித்தேன்.

முனிரத்னம்மா காகிதத்தை வாங்கினார். இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தார். முகத்தில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும் குரலில்தான் கேட்டார்.

"இத அவரு இருக்கறப்பவே எழுதியிருக்கலாம் இல்ல மேடம்?"

"எழுதியிருக்கலாம்மா" என்றேன்.